குறையும் என்கிறார்களே, எதைவிட?

புதுச்சேரி லாஸ்பேட்டை ஹெலிபேடு மைதானத்துப் பக்கம் விடிகாலையில் போனால், நடை முடித்து வியர்வையோடு வருகிறவர்களுக்காகச் சாறு வண்டிகள் தயாராக நிற்கும். அருகம்புல், வாழைத்தண்டு, நெல்லிக்காய், பாகற்காய் என்று எவர்சில்வர் பாத்திரங்களில் வரிசை. வண்டியின் முகப்பில் ஒரு ஃப்ளெக்ஸ். சர்க்கரை குறையும், கொழுப்பு குறையும், தொப்பை குறையும், மூட்டுவலி குறையும். எதைவிடக் குறையும், எவ்வளவு குறையும், யாருக்குக் குறைந்தது என்பது மட்டும் அதில் இருக்காது. வண்டிக்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. போனில் வரும் ரீல்ஸ், வாட்ஸ்அப் ஃபார்வர்டு, ஆயிரக்கணக்கில் விலை போட்டு டப்பாவில் வரும் பவுடர் எல்லாம் இதே ஃப்ளெக்ஸைத்தான் நல்ல கேமராவில் எடுத்துக் காட்டுகின்றன.

இதில் எதை நம்புவது, எதைத் தள்ளுவது என்று முடிவெடுக்க மருத்துவம் படித்திருக்க வேண்டாம். ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குப்பை வாசலிலேயே நின்றுவிடும்: எதோடு ஒப்பிட்டுச் சொல்கிறீர்கள்? பெரிய மார்க்கெட்டில் ‘வஞ்சிரம் கிலோவுக்கு நூறு ரூபாய் குறைச்சல்’ என்று கூவினால், நேற்று என்ன விலை, பக்கத்துக் கூடையில் என்ன விலை என்று பார்க்காமல் யாரும் பையை நீட்டுவதில்லை. சாறுக்கும் பொடிக்கும் மாத்திரைக்கும் அதே சாமர்த்தியம் போதும். ஆராய்ச்சிக்காரர்கள் இதற்கு வைத்திருக்கும் ஏற்பாட்டுக்கு ஒப்பீட்டுக் குழு என்று பெயர். மருந்தைச் சாப்பிட்டவர்களுக்குப் பக்கத்தில், எல்லா வகையிலும் அவர்களைப் போலவே இருந்து, அந்த மருந்தை மட்டும் சாப்பிடாத இன்னொரு கூட்டம்.

இந்த யோசனை பழசு. 1747 மே மாதம், சாலிஸ்பரி என்ற இங்கிலாந்துப் போர்க்கப்பலில் ஜேம்ஸ் லிண்ட் என்ற மருத்துவர் இருந்தார். (நம் பக்கம் அந்த வருஷம் புதுச்சேரியின் பிரெஞ்சு கவர்னர் தூப்ளே, கடலூர் தேவனாம்பட்டினத்து ஆங்கிலேயர் கோட்டையைப் பிடித்துவிட மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.) அன்றைய நீண்ட கடல்பயணங்களில் பீரங்கியைவிட அதிகம் பயப்பட வேண்டியது ஸ்கர்வி நோய்க்குத்தான். ஈறு வீங்கி ரத்தம் கசியும், பல் ஆடும், ஆறிப்போன பழைய புண்கூடத் திறந்துகொள்ளும். ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். லிண்ட் என்ன செய்தார் என்றால், ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்த பன்னிரண்டு நோயாளிகளைத் தேர்ந்தெடுத்து, ஒரே இடத்தில் படுக்கவைத்து, ஒரே சாப்பாட்டைக் கொடுத்தார். பிறகு இரண்டிரண்டு பேராகப் பிரித்தார். ஒரு ஜோடிக்கு ஆப்பிளில் காய்ச்சிய சிடர். ஒரு ஜோடிக்குக் கந்தக அமிலம் கலந்த மருந்து. ஒரு ஜோடிக்கு வினிகர். ஒரு ஜோடிக்குக் கடல்நீர். ஒரு ஜோடிக்குப் பூண்டும் கடுகும் சேர்த்து அரைத்த லேகியம். மிச்சமிருந்த ஜோடிக்குத் தினம் இரண்டு ஆரஞ்சு, ஒரு எலுமிச்சை.

ஆறே நாளில் கப்பலில் இருந்த பழம் தீர்ந்துவிட்டது. அதற்குள் பழம் சாப்பிட்ட இருவரில் ஒருவர் வேலைக்குத் திரும்பும் அளவுக்குத் தேறிவிட்டார். இன்னொருவர் மற்ற நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் அளவுக்கு நிமிர்ந்துவிட்டார். கவனிக்க வேண்டியது சிடர் ஜோடியை. அவர்களும் கொஞ்சம் தேறினார்கள். லிண்ட் சிடரை மட்டும் கொடுத்துப் பார்த்திருந்தால், ‘சிடர் கொடுத்தேன், குணம் தெரிந்தது’ என்று எழுதிவைத்திருப்பார். அதில் பொய்யும் இருந்திருக்காது. பக்கத்தில் பழம் சாப்பிட்ட ஜோடி இருந்ததால்தான் சிடரின் மதிப்பு எவ்வளவு என்று தெரிந்தது. இவ்வளவு தெளிவாகத் தெரிந்த பிறகும் இங்கிலாந்துக் கடற்படை எலுமிச்சைச் சாற்றை முறையாகக் கொடுக்கத் தொடங்க 1795 ஆகிவிட்டது. அரசாங்க ஃபைல் என்றைக்கும் அரசாங்க ஃபைல்தான்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். முத்தியால்பேட்டையில் இருக்கும் என் சித்தி சுகர் அளவை ஒரு நோட்டில் எழுதிவைக்கிறவர். நாவல்கொட்டைப் பொடி தொடங்குவதற்கு முன் வெறும் வயிற்றில் 168. இரண்டு வாரம் கழித்து 139. “பாருப்பா, முப்பது பாயின்ட் இறங்கிடுச்சு. டாக்டருங்க இதையெல்லாம் சொல்ல மாட்டாங்க” என்றார்.

“இந்த ரெண்டு வாரத்துல வேற என்ன சித்தி மாத்துனீங்க?”

“ஒண்ணும் மாத்தலியே. காபிக்குச் சக்கரைய நிறுத்துனேன். உங்க சித்தப்பாவோட சாயந்தரம் பீச்சுக்குப் போறேன். மாத்திரைய டாக்டர் ஒரு வேளைக்குப் பதிலா ரெண்டு வேளை ஆக்குனாரு. அவ்ளோதான்.”

“அந்த 168 என்னைக்கு எடுத்தது?”

நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். கல்யாண வீட்டுப் பந்தியில் சாப்பிட்டதற்கு மறுநாள்.

சித்தி பொய் சொல்லவில்லை. அளவு இறங்கியது உண்மைதான். ஆனால் அந்த முப்பது பாயின்ட்டைப் பொடி, சர்க்கரை இல்லாத காபி, நடை, கூடுதல் மாத்திரை, பந்தி இல்லாத வாரம் என்று ஐந்து பேர் பங்கு கேட்கிறார்கள். யாருக்கு எவ்வளவு என்று அந்த நோட்டை வைத்துச் சொல்லவே முடியாது. இதில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. எந்த வைத்தியத்தையும் நாம் தொடங்குவது உடம்பு ரொம்பவும் படுத்தும் நாளில்தான். மூட்டுவலி சுமாராக இருக்கும்போது யாரும் முடக்கத்தான் தேடிப் போவதில்லை. உச்சத்தில் இருக்கும்போதுதான் போகிறோம். ஏறி இறங்கும் எந்த அளவும் உச்சத்துக்குப் போனபின் பெரும்பாலும் கொஞ்சம் இறங்கும். அந்த இறக்கத்தில் நாம் என்ன சாப்பிட்டுக்கொண்டிருந்தோமோ அதற்குப் பேர் போய்ச் சேரும்.

வீட்டு மீட்டரையும் கொஞ்சம் சந்தேகப்பட வேண்டும். 100-க்கு மேற்பட்ட அளவுகளில் பதினைந்து சதவீதம் முன்னே பின்னே காட்டுவதைச் சர்வதேசத் தரவிதியே அனுமதிக்கிறது. உண்மை அளவு 150 என்றால் 128 முதல் 172 வரை எதைக் காட்டினாலும் மீட்டர் பாஸ். அதனால்தான் டாக்டர்கள் எச்பிஏ1சி என்ற பரிசோதனையைக் கேட்கிறார்கள். அது ஏறக்குறைய மூன்று மாதச் சராசரியைக் காட்டும். ஒரு நாள் பந்தி அதை அவ்வளவாக அசைக்காது. வீட்டில் ஒன்றைச் சோதித்துப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், இரண்டு எச்பிஏ1சி-யை ஒப்பிடுங்கள். மாத்திரையை நிறுத்தி மட்டும் சோதித்துவிடாதீர்கள்.

ஒருவருக்கே இவ்வளவு குழப்பம் என்றால் நூற்றுக்கணக்கானவர்களை வைத்து ஆராய்ச்சி செய்கிறவர்கள் என்ன செய்வார்கள்? குலுக்கல் போடுவார்கள். யார் மருந்துக் கூட்டம், யார் ஒப்பீட்டுக் கூட்டம் என்பதை டாக்டரும் முடிவு செய்யக்கூடாது, நோயாளியும் முடிவு செய்யக்கூடாது. விருப்பத்துக்கு விட்டால் உடம்பில் அக்கறை உள்ளவர்கள் எல்லாம் மருந்துப் பக்கம் சாய்ந்துவிடுவார்கள். அவர்கள் ஏற்கனவே நடப்பவர்கள், புகை பிடிக்காதவர்கள். குலுக்கலில் இந்த வித்தியாசங்கள் இரு பக்கமும் ஏறக்குறையச் சமமாகக் கலந்துவிடும். ஒப்பீட்டுக் கூட்டத்துக்கும் பார்வைக்கு அதே போன்ற டம்மி மாத்திரை தரப்படும். எது அசல் என்று சாப்பிடுகிறவருக்கும் தெரியாது, அளக்கிறவருக்கும் தெரியாது. மருந்து சாப்பிடுகிறோம் என்ற நினைப்பே வலியைக் குறைத்துக் காட்டும் என்பதால் இந்தக் கண்கட்டு.

குலுக்கல் என்ற பேர் இருந்தாலே போதுமா என்றால், போதாது. ஆப்பிள் சிடர் வினிகர் கதையைப் பாருங்கள். 2024-இல் ஒரு மருத்துவ இதழில் லெபனானிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. அதிக எடையுள்ள 120 இளைஞர்கள், நான்கு கூட்டம், தினம் கொஞ்சம் வினிகர், 12 வாரத்தில் 6 முதல் 8 கிலோ வரை குறைவு. உலகம் முழுக்கச் செய்தி. நம்மூர் சூப்பர் மார்க்கெட்டில்கூட அந்தப் பாட்டிலுக்குக் கண் உயரத்தில் இடம். பிறகு புள்ளியியல் நிபுணர்கள் அந்த எண்களை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள், முடிவு ஒத்துவரவில்லை. மூலத் தரவிலேயே முரண்பாடுகள் இருந்தன. ஆய்வு தொடங்குமுன் பதிவு செய்யப்படவும் இல்லை. 2025 செப்டம்பரில் அந்த இதழ் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. பாட்டில் இன்னும் அதே தட்டில்தான் இருக்கிறது. ஆய்வு வந்த செய்தி பறந்த வேகத்தில், திரும்பப் பெற்ற செய்தி எந்த ஃபேமிலி குரூப்புக்கும் வந்ததில்லை.

தொடங்குமுன் பதிவு செய்வது என்றேனே, அது முக்கியம். ‘இத்தனை பேரிடம், இத்தனை நாள், இதைத்தான் அளப்போம்’ என்று முன்கூட்டியே எழுதிக்கொடுத்துவிட்டால், முடிவு வந்தபின் வசதியான எண்ணை மட்டும் பொறுக்கிக் காட்ட முடியாது. இந்தியாவில் மத்திய அரசின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர் 2007 முதல் இதற்கென்று ஒரு பதிவேடு நடத்துகிறது. இணையத்தில் யாரும் தேடிப் பார்க்கலாம். ‘கிளினிக்கலாக நிரூபிக்கப்பட்டது’ என்று டப்பாவில் போட்டிருந்தால், எங்கே பதிவு செய்தீர்கள் என்று கேட்க நமக்கு ஓர் இடம் இருக்கிறது.

ஒப்பீட்டில் ஏமாறுவதற்கு மிக வசதியான இடம், குலுக்கல் இல்லாத ஆய்வுகள். தினம் பத்தாயிரம் அடி நடக்க வேண்டும் என்கிறார்களே, அந்த எண் எந்த ஆய்வுக்கூடத்திலும் பிறக்கவில்லை. 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த சூட்டில், 1965-இல் ஒரு ஜப்பானிய நிறுவனம் அடி எண்ணும் கருவி ஒன்றை விற்கப் பத்தாயிரம் என்ற எண்ணைப் பெயரிலேயே வைத்தது. 2019-இல் அமெரிக்காவில் சராசரி வயது 72 உள்ள 16,741 பெண்களின் நடையை அளந்தார்கள். சுமார் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடையே இறப்பு 41 சதவீதம் குறைவு. 7,500 அடிக்குமேல் பலன் கூடியதாகத் தெரியவில்லை. நல்ல ஆய்வுதான். ஆனாலும் யாரும் யாரையும் குலுக்கல் போட்டு நடக்கவைக்கவில்லை. உடம்பு நன்றாக இருக்கிறவர்கள் இயல்பாகவே அதிகம் நடப்பார்கள். இந்த ஒரு சந்தேகத்தை எவ்வளவு கணக்குப் போட்டாலும் முழுக்கத் துடைக்க முடியாது.

அந்தச் சந்தேகம் வெறும் வாதத்துக்காக அல்ல. கேரட், கீரை அதிகம் சாப்பிடுகிறவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு என்று பல ஆய்வுகள் காட்டின. அப்படியானால் கேரட்டில் உள்ள பீட்டா கரோட்டினை மாத்திரையாகக் கொடுத்தால் என்ன என்று பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்துச் சோதித்தார்கள். 1994-இல் முடிவு வந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம். கேரட் தின்றவர்களைக் காப்பாற்றியது கேரட்டாக இருந்திருக்கலாம், அவர்களுடைய மற்ற பழக்கங்களாகவும் இருந்திருக்கலாம், மாத்திரை காப்பாற்றவில்லை. ‘காயில் இருப்பதுதானே, மாத்திரையில் வந்தால் என்ன கெடுதல்’ என்று யாராவது வைட்டமின் டப்பாவை நீட்டும்போது எனக்கு இந்தப் பின்லாந்துக்காரர்கள்தான் ஞாபகத்துக்கு வருவார்கள்.

நடையைப் பொறுத்தவரை உலக சுகாதார நிறுவனம் சொல்வது எளிது: பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பு. சாயங்காலம் போக்குவரத்தை நிறுத்தியபின் புதுச்சேரி பீச் ரோட்டில் அரைமணி, வாரத்தில் ஐந்து நாள். கடலூர்க்காரர்களுக்குச் சில்வர் பீச் இருக்கிறது. கைக்கடிகாரம் பத்தாயிரத்தைக் காட்டவில்லையே என்று வீட்டுக்கு வந்து ஹாலில் சுற்ற வேண்டாம்.

இப்போது சதவீதத்துக்கு வருவோம். ஒப்பீடு நேர்மையாக நடந்திருந்தாலும், அதைச் சொல்கிற விதத்தில் நம்மைக் கவிழ்க்க முடியும். 1995 அக்டோபரில் பிரிட்டனில், சில புதுவகைக் கருத்தடை மாத்திரைகளால் ரத்தக்கட்டி ஏற்படும் ஆபத்து இரண்டு மடங்காகிறது என்று எச்சரிக்கை வந்தது. பெண்கள் பயந்து மாத்திரையை நிறுத்தினார்கள். உண்மையில் பழைய மாத்திரை சாப்பிட்ட 7,000 பேரில் ஒருவருக்கு வந்தது, புது மாத்திரையில் 7,000 பேரில் இரண்டு பேருக்கு வந்தது. இரண்டு மடங்கு என்பதும் சரி, ஏழாயிரத்தில் ஒருவர் கூடுதல் என்பதும் சரி. முதலாவது தலைப்புச் செய்தி ஆகிறது. அதன் விளைவாக அடுத்த வருஷம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கருக்கலைப்புகள் சுமார் 13,000 கூடியதாக மதிப்பிட்டார்கள். விளம்பரத்தில் இதே வித்தை மறுபக்கமாக நடக்கும். ‘ஆபத்து 50 சதவீதம் குறையும்’ என்றால் நூறு பேரில் நாற்பதிலிருந்து இருபதாகவும் இருக்கலாம், ஆயிரத்தில் இரண்டிலிருந்து ஒன்றாகவும் இருக்கலாம். முன்னதற்குக் காசு கொடுக்கலாம். பின்னதற்கு யோசிக்க வேண்டும். ‘எத்தனை பேரில் எத்தனை?’ என்று கேட்டால் உடனே சாயம் வெளுத்துவிடும்.

சாப்பாட்டிலும் அப்படித்தான். அரிசியை விட்டுச் சிறுதானியத்துக்கு மாறினால் எடை குறையும், சுகர் வராது என்கிறார்கள். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட உணவு அட்டவணைப்படி, 100 கிராம் கேழ்வரகில் கால்சியம் 364 மில்லிகிராம். பச்சரிசியில் 8-கூட இல்லை. நார்ச்சத்து கேழ்வரகில் 11 கிராம், அரிசியில் 3-க்கும் குறைவு. இந்த ஒப்பீட்டில் கேழ்வரகு ஓஹோ. ஆனால் கலோரி? கேழ்வரகு சுமார் 320, அரிசி சுமார் 356. பெரிய வித்தியாசமே இல்லை. களியை இரண்டு உருண்டை கூடுதலாக உருட்டினால் அந்த லாபமும் போயிற்று. கேழ்வரகு நல்லது என்பதும் உண்மை, எடைக்கு அது மந்திரம் அல்ல என்பதும் உண்மை. எதை அளந்து ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்தது.

ஒரு விஷயத்தில் மட்டும் ஒப்பீட்டுக் குழு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்: கெடுதல். கேரளத்தில் இரும்பன்புளி என்று ஒரு காய், நட்சத்திரப் பழத்தின் சொந்தக்காரன். கொலஸ்ட்ரால் குறையும் என்று அதன் சாற்றைக் கெட்டியாகக் குடித்த பத்துப் பேருக்குச் சிறுநீரகம் செயலிழந்ததை மருத்துவர்கள் 2013-இல் பதிவு செய்தார்கள். அவர்களில் ஏழு பேருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது. காரணம் அதில் மண்டிக்கிடக்கும் ஆக்சலேட் என்ற வேதிப்பொருள். ஊறுகாயில் இரண்டு துண்டு சாப்பிட்டபோது யாருக்கும் எதுவும் ஆகவில்லை. சாறாக்கிப் பெரிய டம்ளரில் குடிக்கும்போது அளவு எங்கேயோ போய்விடுகிறது. அமிர்தவல்லி என்று பேர் எடுத்த சீந்தில் கொடியைக் கொரோனா காலத்தில் மாதக்கணக்கில் குடித்தவர்களில் சிலருக்குக் கல்லீரல் பாதித்ததை மும்பை மருத்துவர்கள் 2021-இல் எழுதினார்கள். நம்பிப் பணத்தைத் தொலைப்பது ஒரு நஷ்டம். சிறுநீரகத்தைத் தொலைப்பது வேறு கணக்கு.

சரி, எங்கே பார்ப்பது? உணவுக்கு, அதே ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் இந்தியர்களுக்கென்று வெளியிட்ட 17 உணவு வழிகாட்டுதல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. புரோட்டீன் பவுடர்களைத் தவிர்க்கச் சொல்லியிருப்பதும் அதில் உண்டு. ஒரு மருந்தைப் பற்றி வந்த எல்லா ஆய்வுகளையும் சேர்த்து அலசிய சுருக்கம் வேண்டுமானால் காக்ரேன் என்று தேடுங்கள். பப்மெட் என்ற பெயரைக் காட்டி யாராவது மிரட்டினால் மிரள வேண்டாம். அது ஆய்வுக் கட்டுரைகளின் பட்டியல், நல்லதும் கெட்டதும் கலந்துதான் இருக்கும். டப்பாவில் இருக்கும், உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ தரும் 14 இலக்க எண், தயாரிப்பவருக்கு உரிமம் இருக்கிறது என்பதற்கு மட்டுமே அடையாளம். ‘பத்து நாளில் பத்து கிலோ’ என்பதற்கு அரசு போட்ட கையெழுத்து அல்ல. சர்க்கரை நோயைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதே 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆகவே ‘சுகருக்கு நிரந்தரத் தீர்வு’ என்று ஒரு போஸ்டரைப் பார்த்தால், ஆராய்ச்சி வரை போக வேண்டியதே இல்லை.

ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கோ பக்கத்துத் தெரு டாக்டரிடமோ போகும்போது, குடிக்கும் சாறு, பொடி, லேகியம் எல்லாவற்றையும் பாட்டிலோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். ‘திட்டுவார்’ என்று மறைத்தால், ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் எண் ஏறியிருக்கும்போது எந்த மாத்திரையைச் சந்தேகப்படுவது என்று அவருக்கே தெரியாமல் போகும். புதிதாக ஒன்றைத் தொடங்குவதாக இருந்தால் தேதியை மருந்துச் சீட்டின் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த எச்பிஏ1சி எடுக்கும்போது அந்தத் தேதி உதவும்.